மைதானத்துக்கு அனுப்பும் முன் வாயையும் திறந்து பாருங்கள்: நீலகிரி மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்களுக்கும், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அவர்களுக்கும், ஆறு வட்டங்களிலும் மழையென்றும் பனியென்றும் பாராமல் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரியில் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு மாணவனையும் மாணவியையும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பல் மருத்துவர் பரிசோதித்திருக்க வேண்டும். அப்போது தென்படும் குறைகள் போட்டிக்காலம் சூடுபிடிப்பதற்குள் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். இன்று நடப்பது இதற்கு நேர்மாறானது. வருவாய் மாவட்டப் போட்டிக்கு முந்தைய நாள் மாலையில், கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூங்காத கண்களோடு, ஆசிரியரோ தாயோ கைப்பிடித்து அழைத்துவர என்னிடம் வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தப் பல் மருத்துவராலும் முழுமையான சிகிச்சை அளிக்க இயலாது. சீழை வெளியேற்றலாம், வலியைத் தணிக்கலாம், மறுநாள் ஓட வேண்டாம் என்று சொல்லலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போது ஒரு வருட உழைப்பு அந்தப் பிள்ளையின் முகத்திலிருந்து வடிந்துபோவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. அந்தச் சொத்தை ஒரே இரவில் உண்டானதன்று. பல மாதங்களாக அங்கேயே இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

பல்லுக்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உலகம் 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தெளிவான விடையைக் கண்டது. அங்கே வீரர்கள் தங்கிய கிராமத்தின் மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் பல்லுக்காக வந்தவர்கள். தசை, எலும்பு, மூட்டுக் காயங்களுக்கு அடுத்த இடம் பல்லுக்குத்தான். அந்தப் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்தவர்களுள் 25 விளையாட்டுகளைச் சேர்ந்த 302 வீரர்களைப் பரிசோதித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 45 சதவீதம் பேரின் பற்களில், கடினமான மேலுறையாகிய எனாமல் அமிலத்தால் தேய்ந்திருந்தது. நான்கில் மூவருக்கு ஈறு அழற்சி. வாய் நலக் குறைவால் தங்கள் பயிற்சியோ ஆட்டமோ கெட்டது என்று 18 சதவீதம் பேர் தாங்களாகவே சொன்னார்கள்.

பல் மருத்துவரைத் தேடி வந்தவர்களிடம் பல் நோய் அதிகமாக இருப்பதில் வியப்பென்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் விடை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 11 விளையாட்டுகளைச் சேர்ந்த 352 பிரிட்டன் வீரர்களை அவர்கள் பயிற்சி பெறும் இடங்களுக்கே சென்று பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிகிச்சை பெறாத சொத்தை இருந்தது. 32 சதவீதம் பேர் தங்கள் திறன் பாதிக்கப்பட்டதாகக் கூறினார்கள். பரிசோதிக்கப்பட்ட இந்த வீரர்களில் 94 சதவீதம் பேர் நாளுக்கு இருமுறை பல் துலக்குபவர்கள் என்பதையும், 87 சதவீதம் பேர் விளையாட்டுப் பானங்களைத் தொடர்ந்து குடிப்பவர்கள் என்பதையும் நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். பணமும் மருத்துவரும் பயிற்சியாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீரர்களின் நிலையே இதுவென்றால், குந்தாவிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் பேருந்தேறி வரும் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளை யார் கவனிப்பது?

ஆலன் கேம்பெல் என்னும் பிரிட்டன் துடுப்புப் படகு வீரருக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு கடைவாய்ப் பல்லில் தொற்று ஏற்பட்டது. அது உடலுக்குள் பரவி முழங்கால் வரை சென்று, அறுவை சிகிச்சையில் முடிந்தது. அவர் பெய்ஜிங்கில் ஐந்தாவதாக வந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் வெண்கலம் பெற்றார். அப்படியொரு தொற்று எல்லோருக்கும் வரும் என்று நான் அச்சுறுத்தவில்லை. ஆனால் பல்லின் வேரில் தேங்கும் சீழ் வாயோடு நின்றுவிடுவதில்லை என்பதை மருத்துவம் நெடுங்காலமாகவே அறியும். வேரடியில் தொற்று இருக்கும்வரை, உடல் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டே இருக்கிறது. அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. கடும் பயிற்சிக்குப் பின் தசைகளைப் பழுதுபார்க்க வேண்டிய உடல், தன் வலுவில் ஒரு பங்கை வேறிடத்தில் செலவிடுகிறது. பல்லைச் சரிசெய்தால் ஓட்ட நேரத்தில் இத்தனை நொடி குறையும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். பல் கெட்டிருக்கும் பிள்ளை தன் முழுத் திறனோடு களத்தில் நிற்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வலியின் கணக்கு இன்னும் எளிமையானது. பல்லின் உள்ளே நரம்பிருக்கும் கூழ்வரை இறங்கிய சொத்தையின் வலி, படுத்ததும் கூடும். தூக்கம் கெடும். ஒரு பக்கமாகவே மெல்லும் பிள்ளை, கடினமான உணவையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டீயில் நனைத்த வர்க்கியும் பன்னும் தின்று நாளைக் கழிக்கும். பயறும் முட்டையும் கறியும் தட்டில் அப்படியே கிடக்கும். பிறகு மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை. வெறும் வயிற்றில், தண்ணீர் குறைவாகக் குடித்த உடலோடு, அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பதை ஒவ்வொரு பயிற்சியாளரும் அறிந்திருக்க வேண்டும். மாநில, தேசிய அளவுக்குச் செல்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, டிரமடால் என்னும் வலி மருந்து 2024 ஜனவரி முதல் போட்டிக்காலத்தில் தடை செய்யப்பட்டது, வீக்கத்துக்காக வாய்வழி தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் போட்டிக்காலத்தில் தடைக்குரியவை. பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசிக்குத் தடை இல்லை. ஆகவே, எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும் தான் ஒரு விளையாட்டு வீரர் என்பதை முதலில் சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இனி நம் மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகளில் இது இடம்பெறுவதில்லை.

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை. இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால், ஓடும் பிள்ளை கூடுதலாக மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இந்த உயரத்தில் பயிற்சி செய்வதன் பயனும் அதில்தான் இருக்கிறது. சமவெளி வீரர்கள் பயிற்சிக்காக மலையேறி வருவதும் அதற்காகத்தான். ஆனால் மூக்கு மட்டும் போதாமல் வாய் திறந்துகொள்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் காலை வேளையில், குளிர்ந்து வறண்ட காற்று மணிக்கணக்கில் வாய்வழியே சென்றுவருகிறது. கடும் உழைப்பின்போது உமிழ்நீர் சுரப்பதும் குறைகிறது. குளிரில் தாகம் தெரிவதில்லை. திருப்பூரிலோ மதுரையிலோ ஓடும் பிள்ளை தானாகவே தண்ணீரைத் தேடும், உதகையின் எச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஓடும் பிள்ளையோ இரண்டு மணி நேரம் வாயை நனைக்காமலே பயிற்சியை முடித்துவிடும்.

உமிழ்நீர் வற்றுவதை அற்பமாக எண்ண வேண்டாம். வாயில் உருவாகும் அமிலத்தை நடுநிலைப்படுத்தும் பைகார்பனேட்டும், எனாமல் இழக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொடுக்கும் தாதுக்களும் அதில்தான் இருக்கின்றன. பல்லின் மீது பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. சர்க்கரையோ குளுக்கோஸோ வாய்க்குள் போன சில நிமிடங்களில் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கிவிடுகின்றன. உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும் வாயிலேயே அந்த அமிலம் தணிய அரை மணி நேரம் பிடிக்கும். உமிழ்நீர் வற்றிய வாயில் அது இன்னும் நீடிக்கும். அந்த நேரத்தில் பிள்ளை இன்னொரு மடக்கு குடித்தால், கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களைப் பிள்ளைகள் கையில் நான் அதிகம் பார்ப்பதில்லை. அந்த இடத்தைக் குளுக்கோஸ் பொடி பிடித்திருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் கரைத்து, பயிற்சி முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு என்று உறிஞ்சுகிறார்கள். சிலர் பொடியை உள்ளங்கையில் கொட்டி அப்படியே நாக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவையூட்டிய பொடிகளில் அமிலமும் சேர்ந்திருக்கிறது. கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டைக் கடித்து உறிஞ்சும் பழக்கமும் நம்மிடம் வேரூன்றியது. இவற்றை அன்போடு தருபவர்கள் ஆசிரியர்களும் பெற்றோர்களும்தான் என்பதை நான் அறிவேன். குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். நீண்ட பயிற்சிக்குக் குளுக்கோஸ் தேவைப்பட்டால், அதைச் சிறிது சிறிதாக உறிஞ்சாமல் சில நிமிடங்களில் குடித்து முடித்து, உடனே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து கொடுங்கள். பல்லால் கடிக்க விடாதீர்கள். அமிலம் பட்ட கையோடு பல் துலக்கினால், மென்மையாகிப்போன எனாமலைப் பிரஷ்ஷே தேய்த்தெடுத்துவிடும். ஆகவே அரை மணி நேரம் கழித்துத் துலக்கட்டும். மைதானத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டாவதாக ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒரு விதி வைத்துவிட்டால், நான் இந்தப் பத்தியில் சொன்னவற்றில் பாதி தானாக நடந்துவிடும். செலவும் இல்லை.

ஞானப்பல் பற்றியும் ஒரு சொல். அது பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. ஒரு வீரர் பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும் நகரும் வயதும் அதுவே. பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறுக்குள் உணவு தேங்கி அழற்சி வந்தால், வாயைத் திறக்க முடியாது, காய்ச்சல் அடிக்கும். பல்லை எடுத்தபின் சில நாட்கள் கடும் பயிற்சி கூடாது. முன்கூட்டியே பார்த்துத் தேதி குறித்துக்கொள்ள வேண்டிய சிகிச்சை இது; தேர்வுப் போட்டிக்கு நடுவே அவசரமாகச் செய்யக் கூடியதன்று.

அடிபடுவது வேறு வகை. குன்னூர், வெலிங்டன் பக்கம் ஹாக்கி, கூடலூர், பந்தலூர் பக்கம் கால்பந்து, எல்லா ஊர்களிலும் கபடி, கைப்பந்து என்று நம் பிள்ளைகள் விளையாடும் ஆட்டங்களில் முழங்கையும் மட்டையும் பந்தும் முகத்தில் படுவது வழக்கம். குத்துச்சண்டையில், பற்களைக் காக்கும் உறையான மவுத்கார்டு இல்லாமல் வளையத்துக்குள் விடமாட்டார்கள். ஹாக்கியிலும் கபடியிலும் அதைக் கேட்பார் இல்லை. வெந்நீரில் மென்மையாக்கிப் பல்லில் பதித்துக்கொள்ளும் வகை மலிவானது. பல்லின் அச்செடுத்துச் செய்வது விலை கூடுதல், பொருத்தமும் கூடுதல். ஹாக்கி மட்டைகளுக்கும் ஜெர்சிகளுக்கும் நிதி ஒதுக்கும்போது மவுத்கார்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பல் இழந்த பதினான்கு வயதுப் பெண் பிள்ளை மைதானத்துக்குத் திரும்புவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காயம் ஆறிவிடுகிறது, ஆனால் அவள் வரமாட்டேன் என்கிறாள்.

விழுந்த பல்லைக் காப்பாற்ற முடியும் என்பது பல ஆசிரியர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. நிலைத்த பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால், அதை மேற்பகுதியைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்; வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவோ துடைக்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ மருத்துவ உப்புநீரிலோ மெதுவாக ஒருமுறை அலசி, பல் இருந்த குழியிலேயே திரும்பப் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்து பல் மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். பொருத்த அச்சமாக இருந்தால், பல்லை ஆறிய பாலில் போட்டு எடுத்து வாருங்கள். மைதானத்துக்கு அருகில் ஒரு டீக்கடை இல்லாத ஊர் நம் மலையில் இல்லை. சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர் போதும். தண்ணீரில் போடாதீர்கள், தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் குழிக்குத் திரும்பிய பல் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது; ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்த பல்லின் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் ஏறக்குறைய இறந்துவிடுகின்றன. கூடலூரிலிருந்து உதகைக்கு மலைப்பாதையில் 50 கிலோமீட்டர். மழை நாளில் அந்தப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆகவே இந்தச் சிகிச்சையின் முதல் படியை மைதானத்திலேயே, உங்கள் கையால்தான் செய்ய முடியும். பால் பற்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

புகையிலையைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தும், அவற்றை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு பந்து விளையாடும் இளைஞர்களின் வாயை நான் பார்த்து வருகிறேன். ஒதுக்கும் இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் தெரிகிறது. நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புண் ஆறுவதும் தாமதமாகிறது. அதற்குப்பின் வரக்கூடிய வாய்ப்புற்றுநோயைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை. அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒதுக்குவதைப் பார்த்துத்தான் இளையவர் கற்கிறார். பயிற்சியாளர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. பள்ளிகளுக்கு வந்து மாணவர்களைப் பரிசோதிக்கும், ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஏற்கெனவே இருக்கிறது. அது கவனிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பல் நோயும் உண்டு. அந்தக் குழுவின் வருகையை விளையாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை ஜூன், ஜூலைக்குள் அமைத்துத் தரும்படி, மாவட்ட சுகாதார அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் நீங்கள் பேச வேண்டும். அந்த மாதங்களில் தேவாலாவிலும் பந்தலூரிலும் மைதானங்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடக்கின்றன, பயிற்சி எப்படியும் தடைப்படுகிறது. பிள்ளைகளைப் பல் மருத்துவரிடம் அனுப்ப அதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை. போட்டிக்கு முன் பெறும் உடல் தகுதிச் சான்றில், பல் பரிசோதனை முடிந்ததா, சிகிச்சை தேவைப்பட்டால் அது நிறைவடைந்ததா என்று இரண்டு வரிகள் சேர்த்தால், யாரும் விட்டுப்போக மாட்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு வீரர்களின் உடல்நலப் பரிசோதனைக்கென 2009-இல் வெளியிட்ட பரிந்துரையில் பல்லுக்கும் இடம் அளித்திருக்கிறது. நாம் கேட்பது அதற்கு மேற்பட்டதன்று. சொத்தை இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரை நீக்கிவிடக் கூடாது என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படி ஓர் அச்சம் வந்துவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

விடுதிகளிலும் பயிற்சி முகாம்களிலும் தங்கும் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு கலந்த பற்பசை கிடைக்கிறதா என்று பாருங்கள். இரவு உணவுக்குப் பின் துலக்கிய பிறகே விளக்கணைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் துலக்குவதை நம் பிள்ளைகள் மறப்பதில்லை, இரவில்தான் விட்டுவிடுகிறார்கள்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறேன். ஜூன், ஜூலை மாதங்களின் சனிக்கிழமை பிற்பகல்களில், கோத்தகிரி வட்டத்தின் எந்தப் பள்ளியிலிருந்தும் உடற்கல்வி ஆசிரியர் அழைத்துவரும் விளையாட்டு மாணவர்களை என் மருத்துவமனையில் கட்டணமின்றிப் பரிசோதித்து, யாருக்கு என்ன சிகிச்சை, எத்தனை நாளில் முடியும் என்று எழுதித் தருகிறேன். விழுந்த பல்லை எப்படிக் கையாள்வது என்பதை உடற்கல்வி ஆசிரியர்களின் கூட்டத்தில் அரை மணி நேரத்தில் செய்து காட்டவும் அணியமாக இருக்கிறேன். குன்னூரிலும் உதகையிலும் கூடலூரிலும் உள்ள என் சக மருத்துவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். நீங்கள் முறைப்படி அழைத்தால் வருவதாக அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் தேதியைத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பல் மருத்துவர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.